மூன்று துணி பாக்கி

ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு நான் மூன்று துணி பாக்கி வைத்திருந்தேன். பணம் இல்லை. துணி. ஒரு முழச் சதுரத்தில், மூலையில் நீல நாடா வைத்துத் தைத்த வெள்ளைத் துணி. மூன்று.

அவற்றை நான் எடுக்கவில்லை. யாருமே எடுக்கவில்லை. ஆனாலும் நான்கு நாள் என் பைக்குள் கிடந்தன.

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றேன். கதை கட்டுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் வைக்கிறேன், அவ்வளவுதான். இது நடந்தது நடு ராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகல். மண்டையைப் பிளக்கிற வெயில்.

பச்சைக் குழந்தைகளை ஏற்றிப்போகும் ஆம்புலன்ஸில் நான் உதவியாள். சிலிண்டர் தூக்குவது, பெட்டியை ஏற்றுவது, இறக்குவது, கழுவுவது. டிரைவர் என்னைச் 'சிலிண்டர்' என்றுதான் கூப்பிடுவான். நான் அவனை 'நிதானம்' என்பேன். அவன் ஓட்டுகிற லட்சணத்துக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் ஒட்டாது, அதனால்தான்.

வேலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நடந்தது புரியாது.

சில குழந்தைகள் பிறக்கும்போது மூச்சு தடைபட்டு, மூளைக்குக் காற்று போதாமல் துவண்டுபோய்ப் பிறக்கும். அந்த மாதிரிக் குழந்தையைச் சூடாக வைக்க மாட்டார்கள். குளிர வைப்பார்கள். உடம்புச் சூட்டை முப்பத்து மூன்றரை டிகிரிக்கு இறக்கி, மூன்று நாள் அப்படியே நிறுத்தி, பிறகு பைய ஏற்றுவார்கள். அடிபட்ட மூளை அந்தக் குளிரில் ஓய்வெடுக்குமாம். பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதனால் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை காத்திருக்காமல், வண்டியிலேயே தொடங்கிவிடுவோம். கண்ணாடிப் பெட்டியின் ஹீட்டரை அணைத்துவிட்டு, வெறும் டயாப்பரோடு குழந்தையைப் படுக்க வைப்போம். போர்த்தக் கூடாது. சூடு ஏறினால் மூளை போய்விடும். ரொம்ப இறங்கினால் இதயம் நின்றுவிடும். மானிட்டரை விட்டுக் கண் எடுக்க முடியாது.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கே கை பரபரத்தது, ஒரு துண்டை எடுத்துப் போர்த்திவிட. பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அதனால் எங்கள் சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கிளம்பும் முன் பெட்டியை அம்மாவின் கட்டில் பக்கத்தில் தள்ளிப்போவார். அவள் கையைப் பிடித்துக் குழந்தையின் காலில் வைப்பார். பிறகு சொல்வார்:

"உங்க குழந்தை ஜில்லுனுதான் இருக்கும். பயப்படாதீங்க. நாங்கதான் குளிர வைக்கிறோம். மூணு நாள் போர்த்தக் கூடாது. அப்புறம் மெதுவா சூடேத்தி உங்க மடியில குடுத்துடுவோம்."

ஒரு சொல் மாறாது. கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். எத்தனை அவசரமானாலும் சிஸ்டர் இதை விட்டதில்லை.

அன்றைக்கு ஒரு நாள்தான் விட்டுப்போனது.

நாங்கள் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐந்து. பெண் குழந்தை. பத்து ஐம்பதுக்கு வயிற்றைக் கிழித்து எடுத்திருக்கிறார்கள். அழவில்லை. துணிப் பொம்மை மாதிரி கிடந்தது. சிஸ்டர் சூட்டளக்கும் ஒயரைப் பொருத்தினார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார். எல்லாம் முடிய ஒன்று நாற்பது ஆகிவிட்டது.

"சிஸ்டர், அம்மாகிட்ட காட்டலையே" என்றேன்.

"ரத்தம் நிக்கலைன்னு திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோயிட்டாங்கண்ணா. மயக்கத்துல இருக்கறவங்ககிட்ட என்னத்தக் காட்டறது? ஏத்துங்க, நேரமில்ல."

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைத் தாண்டித்தான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். குழந்தையின் அப்பா அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார், குழந்தையைத் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. அவருடைய அக்கா எங்களோடு வந்தார். குழந்தைக்கு அத்தை. ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்னம்மா இது, பச்சப் புள்ளைய இப்படி அம்மணமா போட்டிருக்கீங்க? விறைச்சிடாதா?"

சிஸ்டர் விளக்கினார். அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

"எங்க வீட்டுல ஆட்டுக்குட்டிக்குக்கூட சாக்கு போர்த்துவோம்" என்றார்.

"இது ஆட்டுக்குட்டி இல்லக்கா. கை வைக்காம உக்காருங்க."

பின் கதவை ஒட்டின மடக்கு சீட்டை அவருக்குக் காட்டினேன். அந்த சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் வைத்தது. ஆள் உட்கார்ந்தால்தான் கீழே நிற்கும். எழுந்துவிட்டால் 'டப்' என்று தானாக மேலேறிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனையோ தடவை என் முழங்காலைப் பதம் பார்த்திருக்கிறது.

வண்டி கிளம்பியது. முப்பத்து நான்கு, புள்ளி இரண்டு. நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் மானிட்டரைப் பார்த்தபடி இருந்தார். நான் சிலிண்டர் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

டக்.

பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்க வட்டக் கதவு உண்டு. அதன் கொக்கிச் சத்தம் அது. சிஸ்டர்தான் திறக்கிறார் என்று நினைத்து நான் திரும்பவில்லை. பிறகு கேட்டபோது, நான்தான் திறக்கிறேன் என்று அவர் நினைத்தாராம்.

மணி இரண்டு பத்து.

"இது யார் வேலை?" என்றார் சிஸ்டர்.

குழந்தையின் மார்பின் மேல் ஒரு வெள்ளைத் துணி. கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடியிருந்தது. தூக்கிப்போட்டது மாதிரி இல்லை. இரண்டு பக்கமும் பதமாகச் செருகியிருந்தது.

சிஸ்டர் கையை விட்டு எடுத்தார். என்னிடம் நீட்டினார். ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது... வண்டிக்குள் ஏ.சி. ஓடுகிறது, ஐஸ் பை இருக்கிறது, வெந்நீர் என்பது மருந்துக்குக்கூட இல்லை.

மானிட்டரில் முப்பத்து ஐந்து, புள்ளி ஒன்று.

சிஸ்டர் அத்தையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் இந்த இடத்த விட்டு அசையலையே!"

"அக்கா, அந்தப் பையத் திறங்க."

"திறந்து பாத்துக்கம்மா. எனக்கென்ன மடியில கனமா?"

பையில் ஒரு தண்ணீர் பாட்டில், பர்ஸ், சீப்பு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். வேறொன்றும் இல்லை. சிஸ்டருக்கு நம்பிக்கை வரவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, அந்த அம்மாளைப் பின் கதவு வழியாக இறக்கி, முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏற்றினோம். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். "நல்லதுக்குச் சொன்னா திருட்டுப் பட்டம்..."

"என்ன சிலிண்டரு, எனக்குத் துணைக்கு ஆள் அனுப்பறியா?" என்றான் நிதானம்.

"பேசாம ஓட்டு."

நடுவிலிருக்கும் சின்ன ஜன்னலைச் சாத்தினோம். இனிப் பின்னால் நானும் சிஸ்டரும் குழந்தையும்தான். முப்பத்து நான்கு, புள்ளி எட்டு. இறங்குகிறது. மூச்சு விட்டோம்.

ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. கேட்க வேண்டிய ஒரு சத்தம் கேட்கவில்லை என்பது மாதிரி...

இரண்டு முப்பத்து இரண்டு.

டக்.

இந்தத் தடவை உடனே திரும்பினேன். வட்டக் கதவு மூடித்தான் இருந்தது. குழந்தையின் மேல் துணி. அதே வெள்ளை. அதே நீல நாடா. ஒரு மூலையில் மட்டும் காசு அளவுக்குச் சிவப்பு.

முப்பத்து ஐந்து, புள்ளி ஒன்பது.

"பத்து நிமிஷத்துல ஒரு டிகிரி ஏறாதுண்ணா. ஹீட்டரப் போட்டாக்கூட ஏறாது" என்றார் சிஸ்டர். குரல் தாழ்ந்திருந்தது. பிறகு என்னையே பார்த்தார். "உண்மையச் சொல்லுங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பாவம் போர்த்திடலாமான்னு கேட்டவர் நீங்கதானே?"

எனக்குச் சுரீர் என்றது.

"என்னையா சொல்றீங்க?"

"இங்க வேற யாரு இருக்கா?"

அதே கேள்வியை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டேன். இங்கே வேறு யார் இருக்கிறார்கள்? சிஸ்டர் இருக்கிறார். இரண்டு நாள் தொடர்ந்து டியூட்டி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் அவரே செய்துவிட்டு, அவருக்கே தெரியாமல்... அவருடைய கோட்டுப் பை உப்பியிருந்தது. அதில் என்ன இருக்கிறது?

கேட்கவில்லை. அவர் கையையே பார்த்தேன். அவர் என் கையையே பார்த்தார்.

"கைய வெளியில வைங்கண்ணா" என்றார்.

"நீங்களும் வைங்க சிஸ்டர்."

பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நான். இரண்டு பேரும் கையை மடிமேல் விரித்து வைத்துக்கொண்டு, சீட்டாட்டத்தில் திருட்டுப் பிடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஒருவரையொருவர் ஐந்து வருஷமாகத் தெரியும். என் மகள் படிப்புக்கு அந்த சிஸ்டர்தான் புத்தகம் வாங்கித் தந்தார். ஆனால் அந்த நேரத்தில் அவர் யாரோ, நான் யாரோ.

வண்டிச் சத்தம். மானிட்டரின் 'பிப்... பிப்...'

பெட்டியின் கண்ணாடி மங்கிவந்தது. உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. குளிர்ந்த பெட்டிக்குள் ஆவி எப்படி?

அந்த ஆவியில் ஒரு இடம் மட்டும் தெளிவாக இருந்தது.

ஐந்து விரல். ஒரு உள்ளங்கை.

பெரிய மனுஷியின் கை.

உள்பக்கம்.

"சிஸ்டர்..."

"பாத்தேன்."

டக்.

நான்கு கையும் எங்கள் மடியில்தான் இருந்தன.

இரண்டு ஐம்பது.

மூன்றாவது துணி. வெள்ளை தெரியவில்லை. கனத்துப்போய், நனைந்து, முழுக்கச் சிவப்பு. குழந்தையின் மேல் கிடந்த அதிலிருந்து ஒரு சொட்டு மெத்தையில் இறங்கியது. சிஸ்டர் குழந்தையைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. குழந்தையின் ரத்தம் இல்லை அது.

ஆவி பறந்தது அதில்.

முப்பத்து ஆறு, புள்ளி எட்டு.

குழந்தையின் இடது கை வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

"ஃபிட்ஸ் வருது... அண்ணா, இன்னும் ஏறினா இந்தக் குழந்தை பொழைச்சும் பிரயோஜனமில்ல." சிஸ்டர் மருந்தை எடுத்தார். ஊசியில் ஏற்றினார். "யாரு... யாரு இப்படிப் பண்றது..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்க வேண்டியிருந்து கேட்காமல் போன சத்தம் எது என்று.

அத்தை எழுந்து இறங்கினாரே... 'டப்' என்ற சத்தம் வரவே இல்லை.

மெதுவாகத் தலையைத் திருப்பினேன்.

மடக்கு சீட்டு கீழே இருந்தது.

யாரும் இல்லை.

ஸ்பிரிங் சீட்டு. ஆள் இல்லாமல். கீழே.

மெத்தை நடுவில் குழிந்திருந்தது.

கத்த வேண்டும். வண்டியை நிறுத்த வேண்டும். குதித்து ஓட வேண்டும். ஆனால் குழந்தையின் கை இழுத்துக்கொண்டே இருந்தது... அதைப் பார்த்ததும் வேறொன்று ஞாபகம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்த கதவு. அதைத் தாண்டித் தள்ளிக்கொண்டு வந்த பெட்டி. சொல்லாமல் விட்ட அந்த நாலு வார்த்தை.

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. அந்தக் காலி சீட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மா... உங்க குழந்தை ஜில்லுனுதான் இருக்கும்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பயப்படாதீங்க. நாங்கதான் குளிர வைக்கிறோம். மூணு நாள்... மூணு நாள் போர்த்தக் கூடாதும்மா."

ஒன்றும் அசையவில்லை.

"போர்த்தினா மூளை போயிடும். உங்ககிட்ட சொல்லாமக் கொண்டுவந்தது எங்க தப்புதான். அப்புறம் மெதுவா சூடேத்தி..." மீதியைச் சிஸ்டர்தான் முடித்தார். அழுகையோடு.

"...உங்க மடியில குடுத்துடுவோம்."

பிப்... பிப்... பிப்...

டப்.

சீட்டு மேலேறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

மணி இரண்டு ஐம்பத்து எட்டு. சிஸ்டர் குறித்து வைத்தார்.

அதற்குப் பிறகு சூடு இறங்கியது. முப்பத்து ஐந்து. முப்பத்து நான்கு. மூன்று இருபத்தைந்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது முப்பத்து மூன்று, புள்ளி ஐந்து. நூல் பிடித்த மாதிரி. இழுப்பும் நின்றிருந்தது.

குழந்தையை உள்ளே ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்த சிஸ்டர், "அந்தத் துணியெல்லாம் குப்பையில போடுங்கண்ணா" என்றார். போடவில்லை. யாராவது கேட்டால் பழி என் தலையில் விழும், காட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டாமா? வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழாயடியில் அலசினேன். மூன்றாவது துணிக்கு ஐந்து வாளி தண்ணீர் ஆயிற்று. அப்போதும் கறை போகவில்லை. காய வைத்து மடித்துப் பையில் வைத்தேன். அந்த நான்கு நாளும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. மனதுக்குள் ஒரே எண்ணம்தான். பாவம், அந்தப் பொண்ணு தியேட்டரிலேயே போய்ச் சேர்ந்திருக்கும்... போனவள் குழந்தையைத் தேடி வந்திருக்கிறாள்.

அப்படி நினைத்ததுதான் தப்பு.

நான்கு நாள் கழித்துக் காலையில் அதே ஆஸ்பத்திரிக்கு வண்டி போகச் சொன்னார்கள். குழந்தைக்கு மூன்று நாள் குளிர் முடிந்து, சூடேற்றி, கண் திறந்துவிட்டதாம். அதன் அம்மாவைக் கூட்டி வர வேண்டுமாம்.

"அம்மாவா?" என்றேன்.

"ஆமா. நல்லா இருக்காங்களாம்" என்றார் சிஸ்டர். வழி நெடுக அந்த மடக்கு சீட்டில் நாங்கள் இரண்டு பேரும் உட்காரவில்லை.

அங்கே தியேட்டர் நர்ஸ்தான் எங்களை எதிர்கொண்டார். வயசானவர். குழந்தை பிழைத்ததைக் கேட்டதும் அவர் வாய் திறந்துகொண்டது.

"புள்ள பொழைச்சது இருக்கட்டும், ஆத்தாக்காரி பொழைச்சதுதான் பெரிய கூத்து. என் முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி நடந்ததில்ல. வயித்துக்குள்ள ரத்தம் ஒத்தி எடுக்கற துணி இருக்குல்ல, வெந்நீர்ல நனைச்சு வைப்போம். பதினஞ்சு பிரிச்சேன். தைக்கறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்கணும், ஒண்ணு உள்ள தங்கிட்டாலும் உயிருக்கு ஆபத்து. எண்ணினா பதினாலு."

நான் பையை இறுக்கிப் பிடித்தேன்.

"எத்தனை மணிக்கு?" என்றார் சிஸ்டர்.

"ரெண்டு பத்து, ரெண்டே கால் இருக்கும். தரையெல்லாம் தேடிட்டுத் திரும்ப எண்ணினா பதிமூணு. அப்புறம் எண்ணினா பன்னெண்டு. எண்ண எண்ணக் குறையுதும்மா! டாக்டர் என்னைக் கிழி கிழின்னு கிழிச்சாரு. தைக்காதீங்க, உள்ளதான் இருக்கும்னு திரும்பக் கைய விட்டுத் தேடினாரு. துணி கிடைக்கல. ஆனா பின்பக்கம் ஒரு ரத்தக் குழாய் கசிஞ்சுக்கிட்டே இருந்தது கிடைச்சது. யாரு கண்ணுக்கும் அதுவரைக்கும் படல. துணிக் கணக்கு சரியா இருந்திருந்தா தைச்சு மூடியிருப்போம். சாயங்காலத்துக்குள்ள ஆள் போயிருக்கும்."

"அந்தக் குழாயக் கட்டினது எத்தனை மணிக்கு?" என்றார் சிஸ்டர்.

"மூணு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருந்தது. அதுக்கப்புறம் எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பாத்துட்டோம். மூணு துணி மாயமா போச்சு. இன்னமும் என் பேருலதான் பாக்கி நிக்குது."

நான் பையிலிருந்து மூன்றையும் எடுத்து அவர் மேஜை மேல் வைத்தேன். நீல நாடா மேலே தெரியும்படி.

அவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது... உங்ககிட்ட எப்படி..."

சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் அந்தத் துணியை எண்ணி முடிப்பதற்கு வெகு நேரம் முன்பே எங்கள் வண்டி ஊர் எல்லையைத் தாண்டிவிட்டிருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பிறகு வார்டுக்குப் போய் அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம். வெளிறிப்போயிருந்தாள். இருபத்து மூன்று, நான்கு வயது இருக்கும். நாங்கள் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. அவளும் எங்களைப் பார்த்ததில்லை. துணி காணாமல் போனதை அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை என்று அந்த நர்ஸ் சத்தியம் பண்ணிச் சொன்னார்.

வண்டிக்குள் வைத்துப் பட்டையைக் கட்டும்போது அவள் கண்ணைத் திறந்தாள். மடக்கு சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நாள் பழகினவரைப் பார்க்கிற மாதிரி.

"நீங்க சொன்ன மாதிரியே மூணு நாளும் நான் தொடவே இல்லண்ணா" என்றாள்.

என் கை பட்டையிலேயே நின்றுவிட்டது.

"துணி மூணும் திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"...குடுத்துட்டேன்மா."

"அப்ப சரி. பாக்கி இல்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.